மதுரையின் கீதமும் வங்கத்தின் வசந்தமும்

கல்கத்தா மாநகருக்குப் புதிதாக வந்து சேரும் தமிழன்பர் எவரும் முதல் வாரத்திலேயே கேட்டறியும் பெயர் லேக் மார்க்கெட். நகரின் பெயர் 2001-ஆம் ஆண்டில் கொல்கத்தா என்று மாறிவிட்டபோதிலும், நம்மவர் நாவில் அது இன்னும் கல்கத்தாவாகவே வழங்கி வருகிறது. அதுபோலவே, பழைய சந்தைக் கட்டடம் மறைந்து அவ்விடத்தில் லேக் மால் என்னும் உயர்ந்த மாளிகை எழுந்துவிட்ட பின்னரும், நமக்கு அது லேக் மார்க்கெட்டேதான். காளிகாட் மெட்ரோ நிலையத்தில் இறங்கி, ராஷ்பிஹாரி அவென்யூ வழியே தேசப்பிரியா பூங்காவை நோக்கிக் கிழக்கே சிறிது தூரம் நடந்தால், முதலில் மல்லிகையின் மணமும், பின்னர் வறுத்து அரைத்த காப்பித்தூளின் மணமும் நம்மை எதிர்கொண்டு அழைக்கும். வாழை இலைக் கட்டு, கறிவேப்பிலை, முருங்கைக்காய், தொடுத்த பூச்சரம் ஆகிய யாவும் அங்கே கிடைக்கும். பூக்காரர் வங்காளத்தில் விலை கூறுவார். நம் வீட்டுப் பெண்மணிகள் தமிழ் கலந்த வங்காளத்தில் பேரம் பேசுவர். இரு தரப்பாருக்கும் யாதொரு குறையும் நேர்வதில்லை.

சென்ற நூற்றாண்டின் முற்பகுதியிலிருந்து வெள்ளைக்காரக் கம்பெனிகளிலும், ரயில்வே அலுவலகங்களிலும், கணக்கர்களாகவும் சுருக்கெழுத்தாளர்களாகவும் வேலை பார்க்க வந்த தென்னாட்டார் பலர் இப்பகுதியில் குடியமர்ந்தனர். கோமள விலாஸ், பிரேம விலாஸ் என்னும் பெயர்களைச் சொன்ன மாத்திரத்தில் முதியவர்களின் முகத்தில் ஒரு மலர்ச்சி தோன்றுவதைக் காணலாம். அவ்வாறு வந்த குடும்பங்களுள் ஒன்றில் சென்ற மாசி மாதத்தில் நிகழ்ந்த ஒரு சிறு பூசலைப் பற்றியும், அதன் காரணமாக நாம் அறிந்துகொண்ட ஒரு பாட்டின் நெடிய யாத்திரையைப் பற்றியும் இங்கே எழுத விரும்புகிறோம்.

சந்தைக்குத் தெற்கே உள்ள தெரு ஒன்றில், இரண்டாம் மாடியில் வசிக்கிறார் நமக்குப் பழக்கமான ஒரு பாட்டி. தஞ்சை ஜில்லாவிலிருந்து மணமாகி இவ்வூருக்கு வந்து ஐம்பது ஆண்டுகள் ஆகின்றன. நல்ல சங்கீத ஞானம் உடையவர். பேத்திக்கு வயது பதினான்கு. அச்சிறுமி பாட்டியிடம் பாட்டுக் கற்று வந்து, வர்ணம் முடிந்த நிலையில், பள்ளிக்கூடப் படிப்பு மிகுந்துவிட்டது என்று நிறுத்திவிட்டாள். பாட்டிக்கு அதில் வருத்தம். ஆயினும் வெளியே சொல்லிக்கொண்டதில்லை.

நாம் அவர்கள் வீட்டுக்குச் சென்றிருந்த மாலைப்பொழுதில், பள்ளியின் வசந்த விழாவுக்காக அச்சிறுமி ஒரு ரவீந்திர சங்கீதத்தைப் பாடிப் பழகிக்கொண்டிருந்தாள். 'பாஸந்தீ ஹே புவனமோஹினீ' என்பது அப்பாட்டு. சமையலறையில் இருந்த பாட்டி கரண்டியுடன் கூடத்துக்கு வந்து நின்றார்.

"இது 'மீனாக்ஷி மே முதம் தேஹி' அல்லவா? எங்கள் தீட்சிதர் கீர்த்தனையை எடுத்து யாரோ வங்காளத்தில் போட்டிருக்கிறார்கள். திருட்டுப் பாட்டு!" என்றார்.

"குருதேவர் பாட்டைத் திருட்டு என்று சொல்லாதே, பாட்டி!" என்று கூறிய சிறுமி கண் கலங்கி உள்ளறைக்குச் சென்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

பாட்டி நம்மைப் பார்த்து, "நீங்களே சொல்லுங்கள், இது யாருடைய பாட்டு?" என்று வினவினார். உடனே விடை கூற நம்மால் இயலவில்லை. ஒரு வார காலம் தவணை கேட்டுக்கொண்டு திரும்பினோம். இத்தனை ஆண்டுகளாக இவ்வூரில் வாழ்ந்தும், துர்க்கா பூஜையிலும் வசந்த விழாவிலும் நூறு முறை காதில் விழுந்திருக்கக் கூடிய அப்பாட்டை ஒருமுறையேனும் செவி கொடுத்துக் கேளாமற் போனோமே என்ற வெட்கமும் நமக்கு உண்டாயிற்று.

பாட்டின் பிறப்பிலிருந்து தொடங்குவோம். திருவாரூரில் தோன்றிய சங்கீத மும்மூர்த்திகளுள் ஒருவரான முத்துஸ்வாமி தீட்சிதர், மதுரை அங்கயற்கண்ணியைத் துதித்து வடமொழியில் இயற்றிய கீர்த்தனை 'மீனாக்ஷி மே முதம் தேஹி.' அவருடைய பாடமுறையில் அதன் ராகத்துக்குக் கமகக்கிரியா என்று பெயர். இன்று கச்சேரி மேடைகளில் பூர்விகல்யாணி என்று வழங்குகிறோம். தாளம் ஆதி. தீட்சிதர் இளமையில் சிதம்பரநாத யோகியுடன் காசிக்குச் சென்று சில ஆண்டுகள் தங்கி வடநாட்டுச் சங்கீதத்தைச் செவி குளிரக் கேட்டவர், தேர்ந்த வைணிகர். ஆகவே அவருடைய கீர்த்தனைகள் வீணையின் மீட்டைப் போல் நிதானமாக நடைபோடுவன. இக்கீர்த்தனையும் அவ்வாறே மெல்ல நடந்து, சரணத்தின் முடிவில் துரித நடை கொள்கிறது.

இக்கீர்த்தனைக்கு மற்றொரு பெருமையும் உண்டு. தீட்சிதரின் தம்பியார் பாலுஸ்வாமி தீட்சிதர் எட்டயபுரம் சமஸ்தானத்தில் வித்துவானாக விளங்கினார். தீட்சிதரும் இறுதிக் காலத்தில் அவ்வூரை அடைந்தார். 1835-ஆம் ஆண்டு தீபாவளித் திருநாளன்று, சீடர்களை இக்கீர்த்தனையைப் பாடச் சொல்லி, தேவியை 'பாசத்தை அறுப்பவளே' என்று விளிக்கும் இடத்தை அவர்கள் பாடிக்கொண்டிருக்கையில் அவர் ஆவி நீத்தார் என்பது பரம்பரையாக வழங்கிவரும் வரலாறு. அவருடைய சமாதி எட்டயபுரத்தில் இன்றும் இருக்கிறது. பின்னர் அதே எட்டயபுரத்தில், சுப்பராம தீட்சிதர் 1904-ஆம் ஆண்டில் 'ஸங்கீத ஸம்பிரதாய பிரதர்சினி' என்னும் பெருநூலை அச்சிட்டு, தம் முன்னோரின் கீர்த்தனைகளை ஸ்வரக்குறிப்புடன் உலகுக்கு அளித்தார்.

மரணப் படுக்கையின் அருகே ஒலித்த அக்கீதம், வங்கத்தில் இளவேனிற் பாட்டாக மலர்ந்தது எவ்வாறு? இங்கேதான் ஒரு தென்னாட்டுப் பெண்மணி கதைக்குள் வருகிறார். சாவித்திரி கோவிந்த் என்பது அவர் பெயர். பிற்காலத்தில் சாவித்திரி கிருஷ்ணன் என்று அறியப்பட்டார். அவர் தெற்கேயிருந்து சாந்திநிகேதனுக்கு மாணவியாகச் சென்றவர். கவியரசர் ரவீந்திரநாத தாகூர் அவரைப் பாடச் சொல்லிக் கேட்பார். கேட்ட மெட்டு மனத்தில் பதிந்ததும் அதற்கு வங்காளச் சொற்களை அமைப்பார். அவ்வாறு பிறந்ததே 'பாஸந்தீ ஹே புவனமோஹினீ.' 1931-ஆம் ஆண்டில் தோன்றிய 'நவீன்' என்னும் வசந்த கால இசை நாடகத்தில் அது இடம்பெற்றது. ஸிம்ஹேந்திரமத்தியமத்தில் அமைந்த 'நிது சரணமுலே' என்ற பாட்டின் மெட்டில் 'பாஜே கருண ஸுரே' பிறந்ததும், தியாகராஜ ஸ்வாமிகளின் தோடி ராகக் கீர்த்தனையான 'பிருந்தாவன லோல'வின் மெட்டில் 'நீலாஞ்சன சாயா' பிறந்ததும் இதே வகையில்தான். கவியரசர் தம் எழுபதாம் வயதை எட்டிய காலம் அது. அந்த வயதிலும், ஒரு மாணவி பாடிய அயல்மொழிப் பாட்டைக் கேட்டுப் புதிது புனைய முற்பட்டார் என்பதை நினைக்கையில் நமக்கு வியப்பு உண்டாகிறது.

இவ்விரு பாட்டுக்களின் சொற்களையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது, நாம் எதிர்பாராத செல்வம் ஒன்று கிடைத்தது. வங்காளப் பாட்டில் மீனாட்சி இல்லை, மதுரை இல்லை, தீட்சிதரின் 'குருகுஹ' முத்திரையும் இல்லை. அங்கே விளிக்கப்படுபவள் உலகை மயக்கும் வசந்த தேவதை. அவளுடைய இனிமை திசைகளின் ஓரத்திலும், காடுகளிலும், மாமர நிழலிலும், ஏரிக்கரையிலும், நீல வானிலும் பரவியிருப்பதைக் கவியரசர் பாடுகிறார். எனினும், பழைய வீட்டைப் பிரித்துப் புதிய வீடு கட்டுவோர் நல்ல தூண்களை எடுத்து வைத்துக்கொள்வதுபோல், தீட்சிதரின் சில சொற்களை அவர் காத்து வைத்திருக்கிறார்.

தீட்சிதர் தேவியை வீணை இசையில் பத்துவகைக் கமகங்களையும் நிகழ்த்துபவள் என்று புகழ்ந்து, அத்தொடரிலேயே ராகத்தின் பெயரையும் மறைத்து வைக்கிறார். தாகூரின் பாட்டில் ராகத்தின் பெயர் மறைந்துவிட்டது. ஆனால் வீணை இருக்கிறது. இல்லந்தோறும் அதன் நாதம் எழுவதாக அவர் பாடுகிறார். தீட்சிதர் தேவியை மலயத்துவஜ பாண்டியனின் மகள் என்கிறார். வங்காளப் பாட்டில் பாண்டியன் போய்விட்டான். 'மலய' என்ற சொல்மட்டும் தங்கி, மலயக் காற்றாக வீசுகிறது. மலயம் என்பது நம் பொதிய மலையன்றோ? கல்கத்தாவாசிகள் பங்குனி வெயிலுக்கு முன்னர் ஆவலுடன் எதிர்பார்க்கும் 'தொக்கினா பாதாஸ்' என்னும் தென்காற்று, நம் தென்றலேயாகும். இந்நகரில் வீடு தேடுவோர் 'தெற்கே திறந்த வீடா?' என்று முதலில் கேட்பதும் அக்காற்றை எண்ணித்தான்.

யாவற்றினும் வியக்கத்தக்கது மற்றொன்று. தேன் மயக்கத்தால் களித்த உள்ளம் என்று பொருள்படும் வடமொழித் தொடர் ஒன்று தீட்சிதரின் சரணத்தில் வருகிறது. அத்தொடரை அப்படியே எடுத்துத் தாகூர் தம் பாட்டில் வைத்திருக்கிறார். ஒலி ஒன்றே, பொருள்தான் வேறு. வடமொழியில் அங்கு நிற்கும் 'ஹ்ருதயே' என்பது விளி: 'இத்தகைய உள்ளம் உடையவளே!' என்று தேவியை அழைக்கிறது. வங்காளத்திலோ 'ஹ்ருதயே' என்பது ஏழாம் வேற்றுமை: 'உள்ளத்தில்' என்று பொருள்படும். தாகூர் அச்சொல்லை இருமுறை அடுக்கி, உள்ளந்தோறும் புத்துயிர் பொங்குவதாகப் பாடுகிறார். தேவியின் நெஞ்சில் இருந்த களிப்பு, ஓரெழுத்தும் மாறாமலே மக்களின் நெஞ்சங்களில் குடிபுகுந்துவிடுகிறது.

இதைத் திருட்டு என்று கூறுவது தகுமா? வங்காளத்தில் இவ்வகைப் பாட்டுக்களுக்கு 'பாங்கா கான்' என்று பெயர்; உடைத்துச் செய்த பாட்டு என்று பொருள். மூலப்பாட்டு எது என்பதை அவர்கள் மறைப்பதில்லை. தாகூரின் உறவினரும் சங்கீத விற்பன்னருமான இந்திரா தேவி சௌதுராணி, இத்தகைய பாட்டுக்களை மூலங்களுடன் வகைப்படுத்தித் தனி நூலே எழுதினார். தாகூரின் சகோதரியின் புதல்வியான சரளா தேவி மைசூருக்குச் சென்றிருந்தபோது கேட்டுவந்த தென்னாட்டு மெட்டுக்களும் அவருடைய பாட்டுக்களில் இடம்பெற்றன. 'ஆனந்தலோகே மங்களாலோகே' என்னும் புகழ்பெற்ற பிரார்த்தனைப் பாட்டு, மைசூர் நாட்டுப் பஜனை மெட்டில் அமைந்ததே.

கவியரசரின் கரம் இமயத்துக்கும் குமரிக்கும் இடையே மட்டும் நிற்கவில்லை. 1878-ஆம் ஆண்டில் இங்கிலாந்து சென்ற இளம் ரவீந்திரர், அங்கே ஸ்காட்லாந்து, அயர்லாந்து நாட்டுப் பாட்டுக்களைக் கேட்டார். பழைய நட்பை நினைந்து ஆண்டுப் பிறப்பன்று மேலைநாட்டார் கைகோத்துப் பாடும் 'ஆல்ட் லாங் ஸைன்' என்னும் ஸ்காட்லாந்துப் பாட்டின் மெட்டே, அவருடைய 'புரானோ ஸேயி தினேர் கதா'வின் மெட்டாகும். வங்கத்தில் பள்ளிப் பிள்ளைகள் பிரிவுபசாரத்தின்போது கண் கலங்கப் பாடும் அப்பாட்டு, ஸ்காட்லாந்தின் குடியானவர் வீடுகளில் பிறந்தது என்பது பலருக்கும் நினைவில் இருப்பதில்லை.

இவ்வளவும் கேட்ட பின்னர், 'எங்கள் தீட்சிதர் அப்படிச் செய்பவரா?' என்று நம்மவர் வினவக் கூடும். செய்தார் என்பதே விடை! சென்னைக்கு அருகே மணலியில், செல்வர் ஒருவரின் ஆதரவில் தீட்சிதர் குடும்பம் வாழ்ந்த காலத்தில், ஆங்கிலேயரின் பாண்டு வாத்திய இசை அவர்கள் செவியில் விழுந்தது. தம்பி பாலுஸ்வாமி பிடிலைக் கற்று நம் சங்கீதத்துக்குக் கொண்டுவந்தார். தமையனாரோ ஐரோப்பிய மெட்டுக்களுக்கு வடமொழியில் தெய்வத் துதிகளை அமைத்தார். ஏறத்தாழ நாற்பது உருப்படிகள் கொண்ட அத்தொகுதியை நோட்டுஸ்வர ஸாஹித்தியங்கள் என்கிறோம். 'ஸந்ததம் பாஹி மாம்' என்று சிறுவர்கள் இனிமையாகப் பாடுகிறார்களே, அதன் மெட்டு இங்கிலாந்து மன்னரை வாழ்த்தும் அவர்களுடைய ராஜ கீதத்தின் மெட்டேயாகும். அரசனைப் புகழ்ந்த மெட்டை அம்பிகையின் அடியில் சமர்ப்பித்தவர் தீட்சிதர். அம்பிகையைப் புகழ்ந்த மெட்டை வசந்தத்தின் அடியில் சமர்ப்பித்தவர் தாகூர். முன்னவர் பெற்ற கடன் பின்னவரால் வேறொரு முகவரியில் செலுத்தப்பட்டது எனலாம்.

வங்கத்திலிருந்து நமக்கு வந்ததும் உண்டு. பங்கிம் சந்திரரின் 'ஆனந்த மடம்' நூலாக வெளிவந்த ஆண்டு 1882. அதே ஆண்டில் எட்டயபுரத்தில் பிறந்தார் சுப்பிரமணிய பாரதியார். அந்நூலில் உள்ள 'வந்தே மாதரம்' கீதத்தைப் பின்னாளில் அவர் தமிழில் தந்தார். தீட்சிதர் கண்மூடிய சிற்றூரிலிருந்து ஒரு பாட்டு வங்கத்துக்குச் சென்றது. வங்கத்தின் பாட்டொன்றை அதே சிற்றூரின் மைந்தர் தமிழுக்குக் கொண்டுவந்தார். கொடுக்கலும் வாங்கலும் இவ்வளவு சமமாக அமைந்த கணக்கை, நம் கணக்கர் பரம்பரையில் வந்தோரும் மிகுதியாகக் கண்டிருக்க மாட்டார்கள்.

ஆயினும் ஒரு வேறுபாட்டையும் கூறிவிட வேண்டும். நம் வித்துவான் 'மீனாக்ஷி'யைப் பாடும்போது சங்கதிகளை அடுக்குவார், ஆலாபனை செய்வார், நிரவலும் கற்பனை ஸ்வரமும் சேர்ப்பார். ஒருவர் பாடியது போல் மற்றவர் பாடமாட்டார். தாகூரோ தம் பாட்டின் மெட்டைப் பாடகர் விருப்பம்போல் மாற்றுவதை ஏற்றுக்கொள்ளவில்லை. ஸ்வரக்குறிப்பில் உள்ளவாறு, சொல்லின் பொருள் தெளிவாக ஒலிக்கும்படி பாடுவதே அங்கு மரபு. ஆகவே, 'வங்காளிகள் கமகத்தைக் குறைத்துவிட்டார்கள்' என்று நம்மவர் குறை கூறுவதும், 'உங்கள் பாட்டில் சொல்லே விளங்கவில்லை' என்று அவர்கள் கூறுவதும், அளவுகோல் மாறியதால் வந்த வழக்குகள். பாட்டின்மேல் குற்றமில்லை.

தவணை முடிந்த மாலையில் மீண்டும் அவ்வீட்டுக்குச் சென்று, மேற்கூறிய செய்திகளைப் பாட்டியிடம் சொன்னோம். நோட்டுஸ்வரத்தைப் பற்றிச் சொன்னபோது அவர் சிரித்தார். அது அவருக்குத் தெரிந்ததே. சாவித்திரியைப் பற்றிச் சொன்னபோது பேசாமல் இருந்தார். நெடுநேரம் கழித்து, "சந்தைக்கு வேண்டிய வங்காளம் எனக்குத் தெரியும், பாட்டுக்கு வேண்டியது தெரியாது. ஐம்பது வருஷம் ஆகிவிட்டது, ஒரு பாட்டுக்குக்கூட அர்த்தம் கேட்டதில்லை" என்றார். பின்னர் பேத்தியை அழைத்து, "அம்மா, அந்தப் பாட்டை ஒவ்வொரு வரியாகச் சொல், அர்த்தமும் சொல்" என்று கேட்டார்.

சிறுமி முதலில் தயங்கினாள். பிறகு சொல்லத் தொடங்கினாள். 'ஹ்ருதயே' என்ற இடம் வந்ததும் பாட்டி கையமர்த்தி, கீர்த்தனையில் அச்சொல் நிற்கும் வரியைப் பாடிக் காட்டினார். சிறுமி வியந்து, "அதே வார்த்தை!" என்றாள். "வார்த்தை அதேதான், அர்த்தம் வேறு. முழுவதும் பாடுகிறேன், கேள்" என்றார் பாட்டி. நிறுத்தப்பட்டிருந்த பாடம் அன்று மாலை மீண்டும் தொடங்கியது. அவர்கள் நம்மை மறந்துவிட்டமையால், விடைபெறாமலே படியிறங்கினோம்.

அங்கிருந்து தெற்கே நடந்து, சதர்ன் அவென்யூவைக் கடந்து ஏரிக்கரையை அடைந்தோம். 1920-களில் கல்கத்தா நகர மேம்பாட்டு டிரஸ்டால் வெட்டப்பட்ட ஏரி அது. லேக் மார்க்கெட்டுக்குப் பெயர் தந்ததும் அந்த ஏரிதான். தாகூரியா லேக் என்று வழங்கிய அதற்கு 1958-ஆம் ஆண்டில் ரவீந்திர சரோவர் என்று பெயரிட்டனர். நாள்தோறும் அதன் கரையில் உலாவும் நம்மவர்களுள் எத்தனை பேர், அந்த ரவீந்திரர் வசந்தத்தை ஏரிக்கரையிலும் கண்டு பாடியது நம் மீனாட்சியின் மெட்டில்தான் என்பதை அறிவார்கள்? அன்று தென்காற்று வீசிக்கொண்டிருந்தது. அது பொதியத்திலிருந்து வந்ததா, வங்கக் கடலிலிருந்து வந்ததா என்று நாம் விசாரிக்கவில்லை.

நம் சங்க அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். வரும் நவராத்திரியில் கொலுவுக்கு வரும் குழந்தைகளை முதலில் 'மீனாக்ஷி மே முதம்' பாடச் செய்து, அடுத்து 'பாஸந்தீ ஹே'யையும் பாடச் செய்வோமாக. அண்டை வீட்டு வங்க அன்பர்களையும் சுண்டலுக்கு அழைப்போமாக. வங்காளப் பாட்டின் பொருளை நம் பிள்ளைகள் நமக்குச் சொல்லட்டும். கீர்த்தனையின் பொருளை நாம் அவர்களுக்குச் சொல்வோம். 'இது யாருடைய பாட்டு?' என்று பாட்டி கேட்ட கேள்விக்கு, அன்று மாலை அவ்வீட்டில் இருவரும் சேர்ந்து பாடிய பாட்டே நாம் அறிந்த விடையாகும்.